மூட்டையும் அலமாரியும்: புதிய சுவிட்சுக்கு மாறும்போது துவக்க அமைப்பை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு நெட்வொர்க் சுவிட்சுக்கு மின்சாரம் கொடுத்ததும் அதன் முழு மென்பொருளும் ஒரேயடியாக எழுந்துவிடுவதில்லை. முதலில் இயங்குவது பூட்லோடர் என்னும் மிகச் சிறிய நிரல். சுவிட்சின் முதன்மை மென்பொருளைத் தேடிப்பிடித்து, அதை நினைவகத்தில் ஏற்றி, பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதே அதன் வேலை. அதற்கு அந்தச் சிறு நிரலுக்கு மூன்று செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கோப்பை ஏற்றுவது என்பது முதலாவது. தானாகவே ஏற்றுவதா, அல்லது ஆள் வந்து கட்டளை இடும்வரை காத்திருப்பதா என்பது இரண்டாவது. மென்பொருள் எழுந்த பின், ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் கான்ஃபிகை, அதாவது சுவிட்ச் எப்படி இயங்க வேண்டும் என்று நாம் எழுதிய கட்டளைத் தொகுப்பைப் படிப்பதா, அதைக் கண்டுகொள்ளாமல் வெறுமையாகத் தொடங்குவதா என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் நாம் முன்கூட்டியே எழுதி வைக்கும் விடைகளே துவக்க அமைப்பு, அதாவது பூட் செட்டிங்ஸ்.

சுவிட்ச் ஓடிக்கொண்டிருக்கும் வரை இந்த விடைகள் யார் கண்ணிலும் படுவதில்லை. தவறாக இருந்தாலும் எந்த விளக்கும் சிவப்பாக எரியாது. அடுத்த முறை மின்சாரம் போய்வரும்போதோ, ரீலோட், அதாவது மறுதுவக்கம் செய்யும்போதோதான் தவறு வெளியே வரும். பழைய சுவிட்சைக் கழற்றிப் புதியதை மாட்டும் நாளில் பெரும்பாலோர் விஎல்ஏஎன், டிரங்க், முகவரி ஆகிய நெட்வொர்க் அமைப்புகளிலேயே கவனம் செலுத்துகிறார்கள். துவக்க அமைப்பைப் ‘பழையபடியே’ செய்துவிடுகிறார்கள். சிக்கல் அந்தப் ‘பழையபடியே’ என்பதில்தான் இருக்கிறது. ஏனெனில் புதிய தலைமுறைச் சுவிட்சுகளில் முதல் கேள்வியின் பொருளே மாறியிருக்கிறது. பல அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இப்போது நடந்துவரும் ஒரு மாற்றத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும்: சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் வகையிலிருந்து கேட்டலிஸ்ட் 9300 வகைக்கு மாறுவது.

2960-எக்ஸ் சுவிட்சின் ஃபிளாஷ் நினைவகம், அதாவது மின்சாரம் போனாலும் கோப்புகள் அழியாத இடம், 128 மெகாபைட். ஐஓஎஸ் எனப்படும் அதன் முதன்மை மென்பொருள் ‘பின்’ (.bin) என்று முடியும் ஒரே ஒரு கோப்பு. ‘பூட் சிஸ்டம்’ என்ற கட்டளையால் அந்தக் கோப்பின் பெயரை எழுதி வைத்தால், அது பூட் என்ற மாறியில், அதாவது பூட்லோடர் பார்க்கும் ஒரு குறிப்பில், பதிவாகிவிடும். புதிய பதிப்புக்கு மாற வேண்டுமா? புதிய கோப்பை ஃபிளாஷில் நகலெடுத்து, பூட் மாறியில் பெயரை மாற்றி, சேமித்து, ரீலோட் செய்தால் வேலை முடிந்தது. பெயரை எழுத மறந்தாலும் பழைய பூட்லோடர் பெரிதாகக் கோபித்துக்கொள்வதில்லை. மாறி வெறுமையாக இருந்தால், ஃபிளாஷில் கோப்புறை கோப்புறையாக நுழைந்து தேடி, முதலில் அகப்படும் இயங்கக்கூடிய கோப்பை எடுத்து ஏற்றிவிடும். இந்தப் பெருந்தன்மையால் பலருக்கு ஒரு மெத்தனம் படிந்துவிட்டது. ஃபிளாஷில் பழைய கோப்பும் புதிய கோப்பும் அருகருகே இருந்து, மாறியில் பெயர் இல்லாவிட்டால், எழுவது பழையதாகவும் இருக்கலாம். நெட்வொர்க் என்னவோ வேலை செய்யும். ஆனால் பதிப்பு உயர்ந்துவிட்டது என்று பதிவேட்டில் எழுதியவர் மாதக்கணக்கில் தவறாக நம்பிக்கொண்டிருப்பார்.

2013-இல் வந்த கேட்டலிஸ்ட் 3850-உம், 2017-இல் வந்த கேட்டலிஸ்ட் 9300-உம் ஐஓஎஸ் எக்ஸ்இ என்ற மென்பொருளில் ஓடுபவை. இதன் அடித்தளம் லினக்ஸ். சிஸ்கோ இணையதளத்திலிருந்து இறக்கும்போது இதுவும் ‘பின்’ என்று முடியும் ஒரே கோப்பாகத்தான் வரும்; தோற்றத்தில் பழையதற்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. உள்ளே இருப்பது வேறு. ஒரு தனி மென்பொருளாக அல்லாமல், பல சிறு பொதிகளைக் கட்டி வைத்த மூட்டை அது. அடித்தளத்துக்கு ஒரு பொதி, வன்பொருளோடு பேசும் டிரைவருக்கு ஒரு பொதி, இணையப் பக்கம் வழியே நிர்வகிக்க ஒரு பொதி, கம்பியில்லா வலையமைப்பின் கட்டுப்பாட்டுக்கு ஒரு பொதி என்று உள்ளே பிரிந்திருக்கும். 9300-இன் ஒரு மூட்டை, 2960-எக்ஸின் மொத்த ஃபிளாஷைப் போலப் பல மடங்கு பெரியது. அதற்கேற்ப 9300-இன் ஃபிளாஷும் 16 ஜிகாபைட்.

மூட்டையாக வந்த பொருளை இரண்டு விதமாகக் கையாளலாம். தினமும் காலையில் அவிழ்த்து, வேண்டியதை எடுத்துப் பயன்படுத்தலாம். அல்லது வந்த அன்றே ஒருமுறை அவிழ்த்து, பொருள்களை அலமாரியில் அடுக்கி, எது எங்கே இருக்கிறது என்று ஒரு சீட்டும் எழுதி ஒட்டிவிடலாம். புதிய சுவிட்சுகளிலும் இந்த இரண்டு முறைகளே உள்ளன. முதலாவதன் பெயர் பண்டில் முறை. இரண்டாவது இன்ஸ்டால் முறை. பண்டில் முறையில் பூட் மாறி நேராக ‘பின்’ கோப்பைக் காட்டும். ஒவ்வொரு முறை துவங்கும்போதும் பூட்லோடர் அதை எடுக்க, உள்ளிருக்கும் பொதிகள் பிரிக்கப்பட்டு ரேம் நினைவகத்தில் போடப்படும். அதனால் நினைவகம் கூடுதலாகச் செலவாகும். இன்ஸ்டால் முறையில் பொதிகள் ஏற்கெனவே தனித்தனிக் கோப்புகளாக ஃபிளாஷில் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். பூட் மாறி காட்டுவது ‘பேக்கேஜஸ்.கான்ஃப்’ என்ற சிறிய உரைக் கோப்பை. அந்தக் கோப்புதான் அலமாரியில் ஒட்டிய சீட்டு: இன்னின்ன பொதிகளை, இன்ன பதிப்பில் எடுத்துக்கொள் என்ற பட்டியல்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்த வேண்டுமானால் இதைச் சொல்வேன். பழைய சுவிட்சில் பூட் மாறி மென்பொருளையே சுட்டியது. ஆகவே பதிப்பு மாறும்போதெல்லாம் மாறியும் மாற வேண்டியிருந்தது. புதிய சுவிட்சில் அது ஒரு பட்டியலைச் சுட்டுகிறது. பதிப்பு உயரும்போது பட்டியலின் உள்ளடக்கம் மாறுமே தவிர அதன் பெயர் மாறாது. எனவே ‘பேக்கேஜஸ்.கான்ஃப்’ என்று ஒருமுறை சரியாக எழுதிவிட்டால், அந்தச் சுவிட்சின் ஆயுள் முழுவதும் பூட் மாறியைத் தொட வேண்டிய தேவை அநேகமாக வராது. பழைய பழக்கத்தில் ஒவ்வொரு முறையும் ‘பின்’ கோப்பின் பெயரை எழுதுபவர், தம்மை அறியாமலேயே சுவிட்சைப் பண்டில் முறைக்குத் தள்ளிவிடுகிறார்.

பண்டில் முறையில் சுவிட்ச் ஓடாதா என்று கேட்டால், ஓடும். போர்ட்டுகள் எழும், போக்குவரத்து செல்லும், பயனர் எவரும் புகார் சொல்லமாட்டார். அதனால்தான் இந்தத் தவறு நீண்ட நாள் கண்டுபிடிக்கப்படாமல் இருக்கிறது. இழப்பு வேறு இடத்தில் தெரியும். முழுப் பதிப்பை மாற்றாமல் ஒரு குறிப்பிட்ட பிழையை மட்டும் சரிசெய்ய வரும் சிறு ஒட்டு மென்பொருளை, அதாவது எஸ்எம்யூ-வை, பண்டில் முறையில் போட முடியாது. பல சுவிட்சுகளை ஒன்றாக இணைத்த ஸ்டாக்கில் புதிதாகச் சேரும் சுவிட்சைத் தானாகப் பதிப்பு உயர்த்தும் வசதியும் இன்ஸ்டால் முறையை நம்பியே இருக்கிறது. தற்போது எந்த முறை என்று அறிய ‘ஷோ வெர்ஷன்’ கட்டளை போதும். அதன் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் எதிரே இன்ஸ்டால் என்றோ பண்டில் என்றோ எழுதியிருக்கும். புதிய சுவிட்ச் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டிய வரி அதுதான்.

இனி, பெட்டியிலிருந்து எடுத்த ஒரு 9300 சுவிட்சை விரும்பிய பதிப்புக்குக் கொண்டுவரும் வழியைப் பார்க்கலாம். முதலில் ஃபிளாஷில் பயன்படாமல் கிடக்கும் கோப்புகளை ‘இன்ஸ்டால் ரிமூவ் இன்ஆக்டிவ்’ என்ற கட்டளையால் நீக்கலாம். ‘முதலில்’ என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தற்போது ஓடாத எல்லாவற்றையும் இக்கட்டளை வேண்டாதது என்றே கருதும். நீங்கள் சற்று முன் நகலெடுத்து வைத்த புதிய மூட்டையும் அதன் பார்வையில் ஓடாத கோப்புதான். நீக்கப்போகும் கோப்புகளின் பட்டியலைக் காட்டி, நீக்கவா என்று கேட்கத்தான் செய்யும். மெதுவான இணைப்பில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்திருந்து நகலெடுத்த கோப்பை, அந்தப் பட்டியலைப் படிக்காமல் ‘ஆம்’ என்று தட்டி ஒரு நொடியில் இழந்த அனுபவம் எனக்கு உண்டு. அன்றிலிருந்து துப்புரவு முன், நகல் பின் என்ற வரிசையை மாற்றுவதில்லை.

நகலெடுக்கும் கோப்பு சரியானதுதானா என்பதை அதன் பெயரிலேயே சரிபார்க்கலாம். 9300-க்கு உரிய கோப்பின் பெயர் ‘கேட்9கே’ என்று தொடங்கி, ‘ஐஓஎஸ்எக்ஸ்இ’ என்ற சொல்லும், அதன்பின் 17.09.04ஏ என்பது போன்ற பதிப்பெண்ணும் கொண்டிருக்கும். சற்றுச் சிறிய உடன்பிறப்பான 9200-க்கு வரும் கோப்பில் ‘லைட்’ என்ற சொல் கூடுதலாக இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இந்தப் பதிப்பு வரிசைகளுக்குச் சிஸ்கோ ஊர்ப்பெயர்களைச் சூட்டிவந்திருக்கிறது, 17.4 முதல் 17.6 வரையிலானவற்றுக்குப் பெங்களூரு என்று பெயர் என்பதை நம் ஊர்ப் பொறியாளர்கள் சற்றுப் பெருமையோடே குறிப்பிடுவார்கள். நகல் முடிந்ததும் ‘வெரிஃபை’ கட்டளையால், கோப்பின் கைரேகை போன்ற எம்டி5 மதிப்பைக் கணக்கிட்டு, இறக்கிய பக்கத்தில் அச்சிட்டிருக்கும் மதிப்போடு ஒப்பிட வேண்டும். பாதியில் சிதைந்த கோப்பை ரீலோட் செய்த பிறகு கண்டுபிடிப்பதைவிட இந்தச் சில நிமிடங்கள் மலிவானவை.

அடுத்து வருவது துவக்க அமைப்பு. கான்ஃபிக் முறையில் நுழைந்து, முதலில் ‘நோ பூட் சிஸ்டம்’ என்று கொடுத்துப் பழைய வரிகளை அழித்துவிட வேண்டும். பின்னர் ‘பூட் சிஸ்டம்’ கட்டளையில் ஃபிளாஷில் உள்ள ‘பேக்கேஜஸ்.கான்ஃப்’ கோப்பைக் காட்ட வேண்டும். அதன் பின் ‘நோ பூட் மேனுவல்’. இது நாம் தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது கேள்வியின் விடை: ஆளுக்காகக் காத்திராமல் தானாக எழு என்பது இதன் பொருள். இந்த ஒரு வரி தவறினால், இரவில் மின்சாரம் போய்வந்த சுவிட்ச் பூட்லோடரிலேயே நின்றுகொண்டு, காலையில் சுவிட்சோடு நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிளோடு யாராவது வரும்வரை காத்திருக்கும். கடைசியாக ‘ரைட் மெமரி’ என்று சேமிக்க வேண்டும்.

சேமித்த கையோடு ‘ஷோ பூட்’ கட்டளையைக் கொடுத்துப் பார்ப்பது இன்றியமையாதது. அது இரண்டு பகுதிகளாக விடை சொல்லும். ஒன்று, இப்போது நடப்பில் உள்ள பூட் மாறி. மற்றொன்று, அடுத்த ரீலோடின்போது நடப்புக்கு வரப்போகும் பூட் மாறி. புதியவர்கள் முதல் பகுதியை மட்டும் படித்துவிட்டு, தாம் எழுதியது ஏறவில்லையே என்று குழம்புவதுண்டு. நமக்கு வேண்டியது இரண்டாவது பகுதி. அங்கே ‘பேக்கேஜஸ்.கான்ஃப்’ என்றும், மேனுவல் பூட்டுக்கு எதிரே ‘நோ’ என்றும் இருந்தால் சரி.

இதன் பிறகே நிறுவல். ‘இன்ஸ்டால் ஆட்’ என்ற படி மூட்டையை அவிழ்த்துப் பொதிகளை ஃபிளாஷில் அடுக்குகிறது. ‘ஆக்டிவேட்’ என்ற படி அவற்றை நடப்புக்குக் கொண்டுவந்து சுவிட்சை ரீலோட் செய்கிறது. ‘கமிட்’ என்ற படி, இதுவே இனி நிலையானது என்று உறுதிசெய்கிறது. மூன்றையும் ஒரே வரியில் சேர்த்து எழுதலாம். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். மேசைமேல் வைத்துத் தயார்செய்யும் புதிய சுவிட்சுக்கு அது போதும். ஆனால் ஏற்கெனவே வேலையில் இருக்கும், எட்டாத தொலைவில் உள்ள சுவிட்சுக்கு மூன்று படிகளையும் பிரித்துச் செய்வதையே நான் விரும்புவேன். ஆக்டிவேட் செய்ததும் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது; இயல்பாக அதன் அளவு 120 நிமிடங்கள். அதற்குள் நீங்கள் கமிட் செய்யாவிட்டால் சுவிட்ச் தானாகவே முந்தைய பதிப்புக்குத் திரும்பிவிடும். புதிய பதிப்பில் ஏதோ கோளாறாகி, உங்களால் உள்ளே நுழையவே முடியாமல் போனாலும், இரண்டு மணி நேரத்தில் பழைய நிலை வந்து சேரும். ஒரே வரியில் எழுதியவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

‘ஷோ இன்ஸ்டால் சம்மரி’ என்ற கட்டளை ஒவ்வொரு பதிப்பும் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஓர் எழுத்தால் காட்டும். ‘சி’ என்றிருந்தால் உறுதிசெய்யப்பட்டது; ‘யூ’ என்றிருந்தால் நடப்பில் இருக்கிறது, ஆனால் இன்னும் உறுதிசெய்யப்படவில்லை என்று பொருள். ‘யூ’ என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டால், போகும் வழியிலேயே சுவிட்ச் பின்வாங்கிவிடும். பழைய பதிப்பின் பொதிகளையும் அன்றே துடைத்தெடுக்க அவசரப்பட வேண்டியதில்லை. சில நாள் கழித்துத் துப்புரவு செய்தால், திரும்பிப்போக ஒரு வழி இருந்துகொண்டே இருக்கும்.

முதல் பதிப்பு உயர்வின்போது சுவிட்ச் எழ வழக்கத்தைவிட நேரம் எடுத்தால் பதற வேண்டாம். புதிய மென்பொருள், சில வேளைகளில் பூட்லோடரையும் சேர்த்துப் புதுப்பித்துக்கொள்கிறது. அந்த இடைவேளையில் ‘நின்றுவிட்டது போலிருக்கிறதே’ என்று மின்சாரத்தை அணைத்துப் போடுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான செயல். முதன்மை மென்பொருள் கெட்டால் பூட்லோடர் வழியே மீட்கலாம். பூட்லோடரே பாதியில் கெட்டால் மீட்க எதைப் பிடிப்பது?

பழைய சுவிட்சின் கான்ஃபிகை அப்படியே நகலெடுத்துப் புதியதில் ஒட்டும் வழக்கம் பற்றி இங்கே ஒரு சொல். கான்ஃபிகில் ‘பூட் ஸ்டார்ட் மார்க்கர்’, ‘பூட் எண்ட் மார்க்கர்’ என்ற இரண்டு வரிகள் இருக்கும். துவக்கக் கட்டளைகள் அவற்றுக்கு நடுவே அமரும். பழைய 2960-எக்ஸ் கோப்பின் பெயர் அங்கே எழுதப்பட்டிருந்தால், அது புதிய சுவிட்சில் இல்லாத ஒரு கோப்பின் பெயர். ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட வேண்டும். சுவிட்சின் மாடலைச் சொல்லும் ‘ப்ரொவிஷன்’ வரிகளுக்கும் இதே கதிதான்.

ஸ்டாக்காக இணைத்த சுவிட்சுகளில் இன்னொரு நுட்பம் உண்டு. 9300-இல் எட்டு சுவிட்சுகள் வரை சேர்ந்து ஒரே சுவிட்சைப் போல இயங்கலாம். வெளியிலிருந்து பார்க்க ஒரே பெயர், ஒரே கான்ஃபிக். ஆனால் ஃபிளாஷ் ஒவ்வொன்றுக்கும் தனி, பூட் மாறியும் தனி. ஆகவே ‘பூட் சிஸ்டம்’ கட்டளையில் ‘சுவிட்ச் ஆல்’ என்ற சொற்களைச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே விடையை எழுத வேண்டும். ‘ஷோ பூட்’ கொடுத்தால் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாக விடை வரும். கடைசி உறுப்புவரை படிக்க வேண்டும். பின்னாளில் பழுதான ஒன்றுக்குப் பதிலாக வேறு பதிப்புள்ள சுவிட்சைச் சேர்க்க நேரலாம் என்பதால், ‘சாஃப்ட்வேர் ஆட்டோ அப்கிரேட்’ வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தால், ஸ்டாக்கின் தலைமைச் சுவிட்ச் தன் பதிப்பைப் புதியவருக்கும் வழங்கிவிடும்.

மூன்றாவது கேள்வி, சேமித்த கான்ஃபிகைப் படிப்பது பற்றியது. கடவுச்சொல்லை மறந்த சுவிட்சை மீட்கும்போது, கான்ஃபிகைக் கண்டுகொள்ளாமல் எழும்படி பூட்லோடரிடம் சொல்ல வேண்டியிருக்கும். ரவுட்டர்களில் இதற்கு ஒரு பதிவெண் உண்டு: ஹெக்ஸா கணக்கில் 2102 என்பது இயல்பு நிலை, 2142 என்பது கான்ஃபிகைத் தவிர்க்கும் நிலை. பழைய 2960-இல் கான்ஃபிக் கோப்பின் பெயரையே தற்காலிகமாக மாற்றிவைப்பார்கள். 9300-இலோ இதற்கென ‘சுவிட்ச் இக்னோர் ஸ்டார்ட்அப் கான்ஃபிக்’ என்ற தனி மாறி இருக்கிறது. அதை 1 என்று வைத்தால் கான்ஃபிக் தவிர்க்கப்படும், வேலை முடிந்ததும் 0 ஆக்க வேண்டும். அந்த 0-வை மறந்துவிட்டால், ஒவ்வொரு மின்தடைக்குப் பின்னும் சுவிட்ச் புத்தம் புதிதாக எழுந்து நிற்கும். பிறர் பயன்படுத்திய சுவிட்சை வாங்குபவர்கள் இதை முதல் நாளே சரிபார்ப்பது நல்லது. முந்தைய உரிமையாளர் கடவுச்சொல்லைத் தாண்டி உள்ளே போன தடயம் அங்கே அப்படியே இருக்கலாம்.

இணையத்தில் வழிகாட்டி தேடுபவர்களை ஒன்று குழப்பும். 3850-இன் தொடக்கப் பதிப்புகளில் நிறுவல் கட்டளை ‘சாஃப்ட்வேர் இன்ஸ்டால்’ என்று இருந்தது. 16 வரிசையின் தொடக்கத்தில் அது ‘ரிக்வெஸ்ட் பிளாட்ஃபார்ம்’ என்று தொடங்கும் நீண்ட கட்டளையானது. அதன் பின்னரே இன்றைய ‘இன்ஸ்டால் ஆட்’ வந்தது. கட்டளைகள் மூன்றாக இருந்தாலும் அவை செய்வது ஒன்றே: மூட்டையை அவிழ்த்து அடுக்கிச் சீட்டைத் திருத்துவது. பிற நிறுவனங்களின் சுவிட்சுகளிலும் சொற்கள் வேறுபடும். அரிஸ்டா சுவிட்சில் ‘பூட் கான்ஃபிக்’ என்ற உரைக் கோப்பின் ஒரு வரி மென்பொருளின் இடத்தைச் சொல்கிறது. அருபா சிஎக்ஸ் சுவிட்சில் பிரைமரி, செகண்டரி என்று இரண்டு இருப்பிடங்கள் உள்ளன. எதிலிருந்து எழுவது என்று மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தச் சுவிட்ச் கைக்கு வந்தாலும், பூட்லோடர் பார்க்கும் சுட்டி எதைக் காட்டுகிறது, மென்பொருளையா, பட்டியலையா, இருப்பிடத்தையா என்று முதலில் கேட்டுக்கொண்டால் ஆவணத்தின் எஞ்சிய பகுதி எளிதாகப் பிடிபடும்.

எல்லாம் கவனமாகச் செய்தும் சுவிட்ச் எழாமல், கன்சோல் திரையில் ‘சுவிட்ச்’ என்ற சொல்லும் முக்காற்புள்ளியுமாக நின்றுவிட்டால், அது பூட்லோடர் உங்களோடு பேசுகிறது என்று பொருள். வன்பொருள் உயிரோடுதான் இருக்கிறது. அங்கே ‘செட்’ என்று தட்டினால் மாறிகளின் தற்போதைய மதிப்புகள் தெரியும். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே திருத்தலாம். ஃபிளாஷில் உள்ள கோப்புகளைப் பட்டியலிட்டு, ‘பேக்கேஜஸ்.கான்ஃப்’ அங்கே இருந்தால் அதைக் குறிப்பிட்டு ‘பூட்’ என்று கட்டளையிடலாம். அதுவும் இல்லையென்றால், முழு மூட்டையை ஒரு யூஎஸ்பி நினைவகத்தில் வைத்துச் செருகி, அதிலிருந்து நேராக எழுப்பலாம். அப்படி எழுந்த சுவிட்ச் பண்டில் முறையில்தான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பூட் மாறியைத் திருத்தி, நிறுவல் கட்டளையை மறுபடி ஓட்டி, ரீலோட் ஆன பின் ‘ஷோ வெர்ஷன்’ இன்ஸ்டால் என்று காட்டுவதைப் பார்த்த பிறகே அந்த யூஎஸ்பியைக் கழற்ற வேண்டும்.